இன்னும் இடிபடாத வீடு

என் பெயர் தாஜ் நிஷா, வயது 36, கணவர் பெயர் இஃப்திகார். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் வாடகை வீட்டில் வசித்து, வீட்டை ஒட்டிய கொட்டகையில் செராமிக் பொம்மை செய்து விற்கிறேன். கணவர் குவைத்தில் டிரைவர். நான் பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், பேசினால் அது எனக்கு எதிராகத் திரும்பலாம் என்றும் நீதிமன்ற நடுவர் அம்மா எடுத்துச் சொன்னார்கள். திரும்பினால் திரும்பட்டும் என்றுதான் பேசுகிறேன்.

கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் அம்புஜவல்லி அக்கா, ஒவ்வொரு நவராத்திரிக்கும் என்னிடம் கொலு பொம்மை வாங்குபவர். இந்த ஆண்டு ஆடி மாதம் வந்தவர், சாமி பொம்மை வேண்டாம் என்று கூறி, தன் வீட்டைப் போனில் காட்டி, அதையே கிராமத்து செட்டாகச் செய்து தரும்படி கேட்டார். அதன் பிறகு நான் ஓட்டு வீடு, வேப்பமரம், மோட்டார் கொட்டகை, குடத்துடன் நிற்கும் அக்கா எல்லாவற்றையும் செய்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டிக் காட்டினேன். "எல்லாம் சரியா இருக்குது தாஜு. பள்ளத்தைக் காணுமே?" என்றார். நிலக்கரிச் சுரங்கத்தின் பள்ளம் அவர் கொல்லை வரை வந்துவிட்டது, வாசலில் நிலம் எடுப்பதற்கு அளவுக்கல்லும் நட்டுவிட்டார்கள். ஆகவே சூளையில் விரிசல் விட்ட கறுப்புத் தொட்டி ஒன்றைப் பள்ளமாக வைத்து, வீட்டின் பின்பாதி அதில் சரிவதுபோல் ஒட்டி, வாசலில் வெள்ளைக் கல் ஒன்றும் வைத்தேன். அந்தக் கல் என் கற்பனை இல்லை.

அதன் பிறகு செட்டை வீடியோ எடுத்து, "இது அம்புஜவல்லி அக்கா வூடு. அடுத்த வருசக் கொலுவுக்கு இந்த வூடு இருக்காது" என்று பேசி, நான் ஆர்டர் பிடிக்கும் இணையப் பக்கத்தில் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள். அந்த வாரமே அந்த வீடியோ மட்டுமல்லாமல் என் பக்கம் முழுவதும் மறைந்து, அரசு உத்தரவின் பேரில் இந்தியாவில் இதைப் பார்க்க இயலாது என்று ஒரு வரி வந்தது. உத்தரவு போட்டது யார், எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நவராத்திரி வியாபாரத்தில்தான் எங்களுக்கு வருடம் முழுக்க அடுப்பு எரிகிறது. ஒருத்தியின் கடையைப் பூட்டுகிறவருக்குத் தன் பெயரைச் சொல்லக்கூட தைரியம் இல்லை.

அதன் பிறகு போலீசார் வந்து, பொய்த் தகவல் பரப்பியதாக வழக்கு என்று கூறி, செட்டை வைக்கோல்கூட வைக்காமல் சாக்கில் போட்டுக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார்கள். நிலையத்தில் சாக்கைப் பிரித்தபோது வீடு முழுதாக இருந்தது, அக்கா பொம்மைக்குத் தலை இல்லை. "பாய் வூட்டுப் பொம்பளைக்குக் கொலுவுல என்னம்மா வேலை?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். பத்து வருடமாகப் பிள்ளையாருக்குக் கண் எழுதுகிறேன், அப்போதெல்லாம் யாரும் இதைக் கேட்டதில்லை.

அதன் பிறகு வீடியோவில் உள்ளதைப் பார்த்து எழுத வேண்டும் என்றார்கள். போனில் இடம் இல்லாததால் ஏற்றியதும் அழித்துவிடுவது என் வழக்கம். இணையத்தில் பார்க்கலாம் என்றால் அவர்களே தடுத்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் குவைத்தில் இருக்கும் என் கணவரை வீடியோ காலில் கூப்பிடச் சொன்னார்கள். அவர் ஒரு போனில் அதை ஓடவிட்டு இன்னொரு போனில் காட்ட, இந்த நாட்டில் ஒருவரும் பார்க்கக் கூடாது என்றதை நிலையமே கூடி நின்று பார்த்தது. "சத்தம் கேக்குதுங்களா சார், இன்னொரு தபா போடட்டுமா?" என்று கணவர் கேட்டார். போடச் சொன்னார்கள். அப்போது ஒரு பெண் காவலர், "எங்க சித்தி வூட்டு வாசல்லயும் இதே கல்லு நட்டிருக்காங்க சார்" என்றார். அவரை டீ வாங்கி வர அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்கள். நான் சொன்னது பொய் என்றும், வீடியோவை நானாகவே நீக்கினேன் என்றும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் பக்கம் திரும்பக் கிடைக்கும், பண்டிகைக்கு முன்பே ஆர்டர் எடுக்கலாம் என்றார் உதவி ஆய்வாளர். "நிலத்தை எடுக்கறதா இன்னும் முடிவே ஆவல. வூடு நிக்குது. அதுக்குள்ள பள்ளத்துல கெடக்குதுன்னு காட்டனா பொய்யிதானே?" என்றும் கேட்டார்.

"பொய்யிதாங்க சார்" என்றேன். "அந்த வூட்டை இடிக்க மாட்டோம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. இப்பவே இந்தச் செட்டை உங்க மேசை மேல போட்டு ஒடச்சுட்டு, நான் சொன்னது பொய்யின்னு கையெழுத்து போடறேன்."

அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். அதன் பிறகு என்னை இங்கே கொண்டுவந்தார்கள். என் பக்கம் இன்று வரை திறக்கவில்லை.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. என்னை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. இதில் பொய் என்று ஒன்று இருந்தால், அடுத்த வருடக் கொலுவுக்கு அந்த வீடு இருக்காது என்ற பேச்சு ஒன்றுதான். அந்த நவராத்திரிக்கு அம்புஜவல்லி அக்கா அதே வீட்டில் விளக்கேற்றினால், அதற்கான தண்டனையைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) தாஜ் நிஷா