பியானோ பத்திரமாக வந்து சேர்ந்தது

பியானோவை ஒருபோதும் படுக்கவைத்துக் கொண்டுவரக் கூடாது. நிற்கவைத்து, முதுகுப்பக்கம் லாரியின் தடுப்போடு ஒட்டியிருக்கும்படி வடக்கயிற்றால் கட்ட வேண்டும். தூத்துக்குடியில் ஒரு பெரிய வீட்டார் எங்கள் கோவில்பட்டி சபைக்குப் பியானோவைத் தானமாகக் கொடுத்தபோது, கொண்டுவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜின்னிங் பாக்டரியில் பஞ்சுப் பொதி கட்டிப் பழகிய கை என்னுடையது. ஆனால் இஸ்ரவேல் அண்ணாச்சி என்றால் ஆராதனையில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் என்றுதான் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

பியானோ வந்ததும் சபைச் செயலாளரின் மனைவி ஜீனா வாசிப்பாள் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. தங்கமான பெண். ஆர்மோனியத்தை உறைபோட்டு மூலையில் வைத்துவிடலாம் என்று சொன்னதும் கமிட்டிதான், அவள் இல்லை. எனக்கு இரண்டாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்கியிருந்தார்கள். இவ்வளவு அக்கறையானவர்கள் மேல் கோபப்பட முடியுமா?

மழை விட்டு ரோடு காய்ந்தபிறகுதான் லாரியைக் கிளப்பச் சொன்னேன். ஓரத்துக் கரிசலில் இறங்கினால் சக்கரத்தை மண் விடாது என்று எட்டயபுரம் தாண்டும்வரை டிரைவரின் உயிரை வாங்கினேன். குலுக்கலில் உள்ளே இருக்கும் சுத்தியல்கள் தந்தியில் மோதிவிடக் கூடாதே என்று, கிளம்பும் முன்பே இண்டு இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்திருந்தேன். பஞ்சுக்குள் கடலைமிட்டாயை நொறுக்கிப் போட்டிருந்தேன். எங்கள் ஊர் மிட்டாய், பாகு நல்ல பதம். எலி மோப்பம் பிடித்துவிட்டால் லேசில் போகாது.

ஒரு கீறல் இல்லாமல் இறக்கினோம். "பச்சப்பிள்ளையக் கொண்டு வந்த மாதிரில்லா கொண்டு வந்திருக்கீங்க அண்ணாச்சி" என்று ஜீனா கண் கலங்கினாள். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. பயணம் செய்த பியானோ கொஞ்ச நாள் திறக்காமல் கிடந்து இடத்துக்குப் பழக வேண்டும் என்றேன். அது உண்மையும்கூட. பஞ்சோடு பஞ்சாகச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

கிறிஸ்துமஸ் ஒத்திகைக்குத்தான் திறந்தார்கள். சுத்தியல்களில் ஒட்டியிருந்த கம்பளியைக் காணோம். ஜீனா ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தத்துக்குப் பதிலாக ஓர் எலிக்குஞ்சு வெளியே வந்தது. அவள் அழுததைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பண்டிகை நின்றுவிடக் கூடாதல்லவா? ஆர்மோனியத்தின் உறையைக் கழற்றித் துடைத்து வைத்தேன்.

எலியைப் பெருகவிட்டது காவல்காரர் மாடக்கண்ணு என்று கமிட்டி கண்டுபிடித்தது. வேலையைவிட்டு நிறுத்தப் பேச்சு வந்தது. நான்கு பிள்ளைகளைப் பெற்ற மனிதர் என் முன்னால் நின்று தேம்பினார்.

"ஒரு பூனையாவது வளத்திருக்கணும் அண்ணாச்சி. எம்மேலதான் தப்பு."

கமிட்டியில் அவருக்காகப் பரிந்து பேசியது நான் ஒருவன்தான். தவறு செய்யாத மனிதர் யார் என்று கேட்டேன். எல்லோரும் தலைகுனிந்தார்கள், அவருடைய வேலையும் தப்பியது. மாடக்கண்ணு என் காலில் விழப் போனார். தூக்கி நிறுத்தி, முழுமனதோடு அவரை மன்னித்துவிட்டேன்.