பெயர் ஒட்டிய குழாய்

சாயாவில் சீனி போடாமல் தரச் சொல்லுங்கள், மேடம். எனக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. உங்கள் போலீஸ் ஜீப்பில் தக்கலை ஸ்டேஷனுக்கு வரும்போது நினைத்துக்கொண்டேன், நான் மாட்டியதே அதனால்தானே என்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மரியஜான். கருங்கல் ஊரில் முப்பத்தாறு வருஷம் லேப் டெக்னீஷியன். சந்தையில் நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேரை நான் குத்தியிருக்கிறேன். மீதிப் பேர் என்னைக் கண்டதும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொடுத்துவந்தேன். நான் போனால்தான் நரம்பே எழும்பும் என்று கிழடுகள் சொல்லும்.

ஜெனிலா என் மகள் ஷிபாவின் பிள்ளை. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் எடுத்த ரத்தத்தில், தைராய்டு சுரக்கவில்லை என்று தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை. தினம் ஒரு சின்ன மாத்திரை, மாதம் ஒரு பரிசோதனை. மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளரும்.

ஷிபா அழுதாள். நான்தான் அவளுக்கு விளக்கினேன். மூளையில் ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்குள்ளும் ஏற்பி என்று ஒரு சாதனம் இருக்கிறது மக்கா, கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து கேட்டில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன் மாதிரி. தைராய்டு ஹார்மோன் என்கிற சீட்டு அவன் கைக்கு வந்தால் கேட்டைத் திறப்பான். ஜீன்கள் வேலைக்கு இறங்கும், செல் கிளை விடும், தன் இடத்துக்கு நகரும். சீட்டு வராவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான், பூட்டி வைத்துக்கொள்வான். முதல் இரண்டு மூன்று வருஷம்தான் அந்த கேட்டுக்கு மவுசு, அதற்குப் பிறகு சீட்டு வந்தும் பயனில்லை. டாக்டர்கூட இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை என்றாள். உண்மைதான்.

நாலாம் மாதம் லீவு முடிந்து ஷிபா குவைத்துக்குப் போனாள், அங்கே டீச்சர். மருமகன் ஆன்ட்ரூஸும் அங்கேதான். போகும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஒரு வயசுவர பாத்துக்கிடுங்க மாமா. பிள்ள நல்லா வளந்திருக்குன்னு டாக்டர் சொன்ன ஒடனே கூட்டிட்டுப் போயிருவோம்."

நல்லா வளர்ந்திருந்தால். அந்த வார்த்தைதான் காதில் நின்றது. என் மனைவி போய் ஆறு வருஷம். அதற்குப் பிறகு என் வீட்டில் சத்தம் என்றால் பிரிட்ஜ் சத்தம்தான். இப்போது ஒரு பிள்ளை கால் உதைத்துச் சிரிக்கிறது. அது நன்றாக வளர வளர எனக்கு நாள் குறைகிறது. கொஞ்சம் மெதுவாக வளரட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மாத்திரையைத் தினமும் கரைத்தேன், அதில் பொய்யில்லை. கரைத்து முற்றத்து வாழையின் மூட்டில் ஊற்றினேன். அந்த வாழை கூரை ஓட்டைத் தூக்கிக்கொண்டு வளர்ந்தது, குலை இறக்க ஆறு பேர் வந்தார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம், சும்மா சொன்னேன்.

மாதப் பரிசோதனை வந்தது. லேபில் என்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிள்ளையின் பாதத்தைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது. ஊசி போட மனசு வரவில்லை. இடது கையில் ரப்பரைக் கட்டி என் ரத்தத்தை எடுத்தேன். குழாயில் ஜெனிலா என்று எழுதி ஒட்டினேன். என் தைராய்டு இந்த ஜில்லாவிலேயே முதல் தரம், மேடம்.

ஒரு தடவை என் ரத்தத்தைக் கொடுத்த பிறகு அவளுடையதைக் கொடுக்க வழியில்லை. கொடுத்தால் முந்தின மாதம் பொய்யாகிவிடும். மாத்திரையைத் திரும்பக் கொடுத்து எல்லாம் சரியாகும்வரை காத்திருக்கலாம்தான். அதற்கு இரண்டு மாதமாவது வேண்டும். பரிசோதனையோ மாதாமாதம் வந்து நிற்கும். இப்படியே ஐந்து மாதம். நானும் பூட்டுக்குள்ளேதான் இருந்தேன்.

பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் வந்து வந்து பார்ப்பாள். "ஒனக்க பேத்தி கரையவே மாட்டாளா வே? அழுகச் சத்தமே கேக்கலியே. நாக்க நீட்டிக்கிட்டு கெடக்கா. என்னத்த கலக்கிக் குடுக்க?"

"ஒனக்க வாய்க்கும் ரெண்டு சொட்டு தரட்டா?" என்று சிரித்து அனுப்பிவிடுவேன்.

சாயந்தரம் வீடியோவில் ஷிபா. "அப்பா, மாத்திர குடுத்தியளா? ஏன் சிரிக்க மாட்டேங்கா?"

"ஒறக்கச் சடவு மக்கா."

டாக்டர்தான் குழம்பிப்போனார். பிள்ளை எடை ஏறவில்லை, தலை நிற்கவில்லை, ரிப்போர்ட்டோ பிரமாதம். போன வாரம் அவர் லேபுக்கு போன் போட்டு, மீதி இருக்கும் ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது. அந்த ரத்தம் எடுத்த அன்று காலையில் நான் மட்டி வாழைப்பழம் நாலு தின்றிருந்தேன். ஒன்பது மாதப் பிள்ளைக்குச் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. லேப் முழுக்கக் கூடி நின்று பார்த்ததாம்.

பிள்ளையை உடனே கொண்டுவரச் சொல்லி, அவரே ரத்தம் எடுத்தார். சர்க்கரை சரி, தைராய்டு இல்லவே இல்லை. பிறகு என் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தடத்தைப் பார்த்தார்.

ஷிபா வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். இனி குவைத்துக்குப் போகவில்லையாம். மாத்திரை கொடுக்கிறாள். போன மாதங்கள் எவ்வளவு திரும்பும் என்று பிள்ளை நடக்கும்போதும் பேசும்போதும்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டில் இப்போது ரெண்டு பேரும் இருக்கிறார்கள். நான் நினைத்ததற்கு மேலேயே நடந்திருக்கிறது, நான்தான் அங்கே இல்லை.

செய்தது நான்தான். எல்லாம் தெரிந்தே செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த ஐந்து மாதத்தில் அந்தப் பிள்ளையை நான் ஒரு தடவைகூடக் குத்தி நோவிக்கவில்லை. அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.