மிட்டாய்ப் பெட்டிக்கு மெருகு

ஐயா, மெருகு வேலைக்கு ஈரக்காற்று ஆகாது. ஓசூரில் மாசி மாதம்தான் அதற்குத் தோது. அதனால்தான் ஓட்டல்கார நாராயணப்பன் ஆள் அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் பெங்களூரிலிருந்து பஸ் ஏறினேன். என் பெயர் ஆரோக்கியநாதன். கண்டோன்மென்ட் பங்களாக்களில் மேசை நாற்காலிகளுக்கு மெருகு போட்டுப் பேர் வாங்கியவன்.

நாராயணப்பன் ஏலத்தில் ஒரு பெட்டி எடுத்திருந்தார். காசு போட்டு இழுத்தால் மிட்டாய் விழும் பெட்டி. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இருந்தது. ஆளுயரம், நல்ல தேக்கு. யாரோ புண்ணியவான் அதன்மேல் பச்சைப் பெயிண்டை அப்பி வைத்திருந்தான். அதைச் சுரண்டி, உப்புத்தாளால் இழைத்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூச வேண்டும். ஓட்டலின் புதுக் கட்டடம் திறக்கும் நாளில் அது வாசலில் நிற்க வேண்டும் என்றார். நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் பூச்சு காய்ந்ததும் பலகையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பூத்தது. சுரண்டிவிட்டு மறுபடி பூசினேன். மறுபடியும் பூத்தது. காப்பி குடிக்க வந்தவர்கள் சுற்றி நிற்கும்போதே நாராயணப்பன் சொன்னார்: "கண்டோன்மென்ட் கைன்னாங்க. சுண்ணாம்பு அடிக்கறவன் கையாட்டம் இருக்குது."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாலிஷில் தண்ணீர் கலந்தால்தான் அப்படிப் பூக்கும். பாலிஷ் குப்பியை வைக்கும் இடத்தில் தரையைப் பார்த்தேன். உப்பில் திரண்ட அரக்குக் கட்டிகள் கிடந்தன. மதுவிலக்கு வந்ததிலிருந்து இந்தப் பக்கம் நடக்கிற சங்கதிதான். பாலிஷில் உப்பைப் போட்டால் அரக்கு திரளும். தெளிந்ததை வடித்துக் குடிப்பார்கள். மைசூர் எல்லை கூப்பிடு தூரம்தான், அங்கே மதுவிலக்கு கிடையாது. ஆனால் ராத்திரி பெட்டிக்குப் பக்கத்திலேயே படுக்கிற ஓட்டல் காவல்காரன் திம்மராயனுக்கு அத்திப்பள்ளி வரை போய்க் குடித்து வர நேரம் ஏது? குடித்துவிட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறான். யோக்கியமான திருடன்.

நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பான். மன்னிக்க வேண்டி வந்திருக்கும்.

பெங்களூரில் பெயிண்டு கரைக்க வேறொரு ஸ்பிரிட் விற்கிறார்கள். அரக்கு அதிலும் நன்றாகக் கரையும். குடித்தால் கண் போகும், பிறகு உயிர் போகும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். போய் வாங்கி வந்தேன். கரைத்துப் பாதியை என் அறைக்கு எடுத்துப்போனேன். மீதியைப் பழைய குப்பியில் ஊற்றிப் பழைய இடத்திலேயே வைத்தேன். பெட்டிக்குப் பூசத்தான் கலக்கினேன். குடி என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தரையில் புது அரக்குக் கட்டிகள் கிடந்தன. அன்று முழுக்க அவன் நன்றாகத்தான் இருந்தான். அதற்கடுத்த காலை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணா, கண்ணுல பனி எறங்கனாப்பல இருக்குது. பொட்டி எங்கீது?" என்று கையை நீட்டினான். ஈரப் பலகையில் விரல் படுவதற்குள் அவன் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக விலக்கி, பெஞ்சில் உட்கார வைத்தேன். யாரோ வண்டி கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உச்சிவேளையில் அவன் மனைவி மாதம்மாள் ஓடிவந்தாள். அப்போது கடைசிப் பூச்சில் இருந்தேன்.

"அண்ணா, என்னா குடிச்சாருன்னு டாக்டரு கேக்கறாரு. தெரிஞ்சா காப்பாத்தப் பாக்கலாங்கறாரு. அவருக்குப் பேச்சு வர மாட்டேங்குது. நீங்க கூடவே இருந்தீங்களே."

கடைசிப் பூச்சில் பஞ்சுத் துணி பலகைமேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஐயா. நடுவில் நின்றால் ஒட்டிக்கொண்டு தடம் விழும். பிறகு எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதுதான். குப்பியில் இருந்ததைச் சொன்னால் கூட்டம் கூடும், குப்பியை எடுத்துப் போவார்கள், பூச்சு நடுவில் நின்றுபோகும். எனக்குத் தெரியாதும்மா என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். சாயங்காலம் திம்மராயன் செத்துப்போனான்.

அவனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கோபம் இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும். பெட்டியைப் போய்ப் பாருங்கள், எங்கேயாவது ஒரு தடம் தெரிகிறதா?