ஈரம் படாத நானூறு பக்கங்கள்

படக்கதைப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பெரிய குற்றம் ஒன்றுமில்லைதான். ஆனாலும் ஒருவர் விரலை நாக்கில் வைத்து, அந்த ஈரத்தைத் தாளின் மூலையில் ஒற்றி எடுப்பதைப் பார்த்தால் சாப்பிட்டது மேலே வருகிறது. நீங்களும் சற்று முன் என் வழக்குக் கோப்பை அப்படித்தான் புரட்டினீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அது அரசாங்கத் தாள் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

போர்ட் பிளேயர் லம்பா லைனில் என் குவார்ட்டர்ஸில் ஆயிரத்து நூறு படக்கதைகள் இருக்கின்றன. இந்தத் தீவுக் காற்றில் ஒரு தோல் செருப்பைக்கூட ஒரு வாரம் சும்மா வைக்க முடியாது, பூஞ்சை பூத்துவிடும். அதனால் இங்கே எல்லோரும் துணி அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிடுவார்கள். என் வீட்டில் அந்த பல்பு புத்தகங்களுக்கு எரிகிறது. என் சட்டைகளில் பூஞ்சை நாற்றம் அடிக்கும், ஆபீசில் மூக்கைச் சுளிப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் ஒற்றைக்காது வேலனின் ரசிகன். சின்னப் பதிப்பகம் போடும் படக்கதை, உங்களுக்குத் தெரிந்திருக்காது. வேலன் துப்பறிவான், அதிகம் பேசமாட்டான். அதுதான் எனக்குப் பிடித்தது. சினிமாவில் எல்லோரும் பேசுகிறார்கள். வில்லன் கதாநாயகனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் திட்டத்தை அரை மணி நேரம் விளக்குவான், நடுநடுவே சிரிப்பான். இப்போது வருகிற படங்களில் அவனுக்குச் சிறுவயதுக் கஷ்டம் ஒன்றையும் ஒட்டவைக்கிறார்கள். என் அப்பா பொதுப்பணித் துறையில் நல்ல வேலையில் இருந்தவர், அம்மா அன்பானவர். எனக்கு அப்படி ஒரு பிளாஷ்பேக் இல்லை. படத்தில் நோயாளிக் குழந்தை வந்தாலே எழுந்து போய்விடுவேன். பிஞ்சுக் குரலில் வசனம் பேசவைத்து, பின்னால் வயலினை இழுத்து, தியேட்டரே மூக்கை உறிஞ்சும். அருவருப்பாக இருக்கும்.

ராபினும் வேலன் ரசிகன்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டின் படகு இன்ஜின்களைப் பார்த்துக்கொள்கிறான். மாதம் ஒருமுறை போர்ட் பிளேயர் வந்தால் என் வீட்டில் கை கழுவிவிட்டு உட்கார்ந்து படிப்பான். கழுவினாலும் டீசல் வாடை போகாது. ஒருமுறை மகள் ஜோஸ்லினையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஒன்பது வயது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை வேலனுக்குப் பேனாவால் மீசை வரைந்துவிட்டது, ஏழாம் இதழின் அட்டையில். ராபின் அடிக்கக் கை ஓங்கினான், நான்தான் தடுத்தேன். அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நீங்களே கேட்பீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஜோஸ்லினுக்குச் சர்க்கரை வியாதி. உடம்பில் இன்சுலினே சுரக்காத வகையாம். தினமும் நாலு ஊசி. சென்னை டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து இங்கே சில மாதம் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது. அதனால் மெயின்லேண்ட் போய்க் கப்பலில் திரும்புகிறவர் யாராவது மொத்தமாக வாங்கிவருவார்கள். இங்கே அது வழக்கம். ஒருவர் போனால் பத்து வீட்டுப் பொட்டலம் வரும், யாரும் மறுப்பதில்லை. போன மாதம் ஒரு புத்தகம் வாங்கவே நான் சென்னை போனேன். வேலனின் வெள்ளிவிழாச் சிறப்பிதழ், நானூறு பக்கம், கெட்டி அட்டை, முந்நூறே பிரதிகள். மருந்தையும் வாங்கிவரச் சொன்னாள் ராபினின் மனைவி கிரேசி. சூடு பட்டால் கெட்டுவிடும் என்று அதற்கென்றே ஒரு தெர்மோகோல் பெட்டியும் கொடுத்துவிட்டிருந்தாள். உள்ளே ஐஸ் பாக்கெட், சுற்றி டேப்.

திரும்பும்போது கப்பலில் மூன்று நாள் பயணம். எனக்கு மலிவான பங்க் வகுப்பில், கப்பலின் அடித்தட்டில்தான் படுக்கை கிடைத்தது. கீழே இன்ஜின் ஓடுவதால் தரை இரும்பு செருப்பில்லாமல் நிற்க முடியாதபடி சுடும். ஏறும்போதே கப்பல் சமையலறையின் பேண்ட்ரிக்காரர் கணபதி என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார். "மருந்தா சார்? என்கிட்ட குடுத்துருங்க, பிரிட்ஜுல வச்சிர்றேன். எல்லாரும் அப்படித்தான் குடுப்பாங்க" என்றார். அப்புறம் தருகிறேன் என்றேன். அந்த நேரம் என் கவனமெல்லாம் சிறப்பிதழில் இருந்தது.

முதல் நாள் மாலையே கடல் புரட்ட ஆரம்பித்தது. எதிர் பங்க்கில் ஒருவர் வாந்தி எடுத்தார். மேலே ஏசி குழாயிலிருந்து தண்ணீர் சொட்டி என் தலையணை நனைந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, அதே கையோடு புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று நீட்டியது. நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டேன். அந்தக் கப்பல் அடித்தட்டில் ஈரமும் எச்சிலும் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டேன். உள்ளே நன்றாகத் துடைத்து, படிக்காத நேரமெல்லாம் சிறப்பிதழை அதில் வைத்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மருந்துப் பொட்டலத்தை ஒரு நைலான் பையில் போட்டு பங்க்குக்கு அடியில் தள்ளிவிட்டேன். கணபதியிடம் கொடுக்க இரண்டு மாடி ஏற வேண்டும். படித்துக்கொண்டிருந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று இப்போது சொல்லலாம்தான். மறக்கவில்லை. ஒவ்வொரு முறை செருப்பைத் தேடிக் குனிந்தபோதும் அந்தப் பை கையில் பட்டது. சுட்டது.

மூன்றாம் நாள் காலையில் தீவுகள் தெரிந்ததும் கணபதியிடம் போய் ஐஸ் கேட்டேன். இறங்குகிற நேரத்தில் எதற்கு ஐஸ் என்று கேட்டார், ஆனாலும் கொடுத்தார். மருந்தைப் பெட்டியில் திரும்ப வைத்து, ஐஸை நிரப்பி, புது டேப் ஒட்டினேன். ராபின் துறைமுக ஜெட்டிக்கே வந்திருந்தான். பெட்டியைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். "உங்கள மாதிரி யாரு கொண்டாருவா அண்ணே" என்றான். சிறப்பிதழைக் காட்டினேன். மூலைகூட மடங்கியிருக்கவில்லை.

மருந்தைக் கொடுத்த ஆறாம் நாள் ஹேவ்லாக்கிலிருந்து போன் செய்தான். "பிள்ளைக்கு ஊசி போட்டும் சுகர் இறங்க மாட்டேங்குண்ணே. தண்ணியா குடிக்கா, சோர்ந்து படுத்துக் கிடக்கா. மருந்து வழியில சூடாயிருக்குமோ?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "ஐஸ் ஐஸாத்தான இருந்துச்சு, நீதான தொட்டுப் பாத்த. பிள்ளை ஒளிச்சு வச்சு இனிப்பு ஏதாச்சும் திங்குதான்னு பாரு" என்றேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டான். முதலில் தின்பதை நிறுத்து, தானாக இறங்கும் என்றேன். நான் படித்தவன், கவர்ன்மெண்ட் ஆபீசில் இருப்பவன். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

பள்ளிக்கூடப் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மிட்டாய்த் தாள் கிடைத்ததாம். தோழி தின்றுவிட்டுக் கொடுத்த தாள், படத்துக்காக வைத்திருந்தேன் என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. ராபின் நம்பவில்லை. பெல்ட்டால் அடித்தான். கிரேசி சர்க்கரை டப்பாவைப் பூட்டி, பிள்ளையைக் கண்ணெதிரிலேயே உட்காரவைத்தாள். மருந்தின் அளவைக் கூட்டியும் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விட்டதும் பயந்துபோய் எனக்கு மறுபடி போன் செய்தான். "மவுசம் கராப்ணே, போட்டெல்லாம் பந்த்" என்றான். வானிலை மோசம், படகு எதுவும் ஓடவில்லை, இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வழியில்லை. எனக்கும் ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது, அலமாரியின் பல்பு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் பேசினேன். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வாசலிலேயே முடிந்துவிட்டது.

கணபதி அந்த ஐஸைப் பற்றி யாரிடமோ சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் என் வீட்டுக்கு வந்திருக்கமாட்டீர்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மருந்து கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன். கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்ததும் நான்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஆனால் என்னை இரக்கமில்லாதவன் என்று எழுதாதீர்கள். அடக்கத்துக்கு முதல் போட்டிலேயே போனவன் நான். கல்லறைத் தோட்டத்தில் ராபின் என் தோளில் விழுந்து அழுதான். சாகப்போகிற பிள்ளையை அடித்துவிட்டேனே, அவ்வளவு சொல்லியும் ஒளித்துத் தின்றுவிட்டாளே என்று மாற்றி மாற்றிப் புலம்பினான். வேறு யாரும் அவன் பக்கத்தில் வரவில்லை. நான்தான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, சின்னப் பிள்ளைதானே ராபின், ஆசையில் தின்றுவிட்டது, நீ அவளை மன்னித்துவிடு என்று சொன்னேன்.