காற்புள்ளியாரின் கடைசி முன்மொழிவு

மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் மொழிக்குழுத் தலைவர் அவர்களே, அவர் தலையசைத்தால் தாமும் தலையசைக்கும் உறுப்பினர்களே, நாற்காலி கிடைக்காமல் கடைசியில் நிற்கும் காற்புள்ளியாரின் துணைவியார், நம் அண்ணியார் அவர்களே, வணக்கம்.

நம் காற்புள்ளியார் மறைந்தார். நம் கணினி நிரல்மொழியைச் செதுக்கியவர். குழுவில் ஒருவருக்கும் பிடிக்காதவர். எனக்கும்தான். தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் நம் நிரலில் பிழை காட்டும் மனிதரை எவர் நேசிப்பார்? ஆனால் பிழை இருந்ததே!

அவர் கேட்டது என்ன? பதவியா? பாராட்டா? அக்கம்பக்கத்தாரும் வந்திருப்பதால் விளக்குகிறேன். பல மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் ஒரே கட்டாக வைப்பதை டியூப்பிள் என்கிறோம். அந்தக் கட்டுக்குள் ஒன்றே ஒன்று இருந்தால் அதன்பின் ஒரு காற்புள்ளி போட வேண்டும். மறந்தால் கட்டு அவிழ்ந்துவிடும். உள்ளே இருப்பது பெயரென்றால், கணினி அதை எழுத்தெழுத்தாக உதிர்த்துவிடும். "டியூப்பிளுக்கென்று தனி அடைப்புக்குறி கொடுங்கள்" என்றார். இவ்வளவுதான்!

நம் குழுவில் ஒரு விதி உண்டு. முன்மொழிவு வாசிக்கப்பட்டபின் எவரும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறியது. தலைவரே எழுதிய விதி. காற்புள்ளியார் ஆண்டுதோறும் வாசித்தார். தலைவர் ஆண்டுதோறும் வாய் திறந்தார்.

"யோவ், ஒரு காற்புள்ளி போட உமக்குக் கை வலிக்குதா?"

"எனக்கு வலிக்கலைங்க. மறக்கிறவனுக்குத்தான் வலிக்கும். நீங்களே ஒருநாள் மறப்பீங்க, பாருங்க."

"நானா? நான் உண்டாக்கின மொழியிலயா?"

மேடை சிரித்தது. அவர் தாள்களை அடுக்கிக்கொண்டு அமர்ந்தார்.

இன்றைய கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பும் நிரலைத் தலைவரே தம் பொற்கரத்தால் எழுதினார். குடும்பத்தார் பட்டியலில் ஒரே பெயர், அண்ணியாருடையது. காற்புள்ளி? இல்லை! பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அழைப்பு போய், முகவரி இல்லையென்று குழுச் செயலாளனான என்னிடமே திரும்பி வந்தது. அண்ணியாருக்கு மட்டும் போகவில்லை. காலையில் நான் தொலைபேசியில் அழைத்தபோது, "கூட்டமா? எனக்கு யாருமே சொல்லலியே தம்பி" என்றார். காரணத்தைச் சொன்னேன்.

"இதுக்காகத்தான் மனுஷன் வருஷாவருஷம் அவமானப்பட்டாரா? அவரு சொன்னது சரின்னு அங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. மாலையெல்லாம் வேணாம்."

அவர் சொன்னது சரி. சொல்லிவிட்டேன், அண்ணி.

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று தலைவர் சற்றுமுன் கண்கலங்கினார். தொடர்வோம்! நாளை என்ன, இப்போதே தொடர்வோம். குழு முழுமையாக இருக்கிறது. அவர் உயிரோடிருந்தவரை இப்படி ஒருநாளும் கூடியதில்லை. இதோ வாசிக்கிறேன்: டியூப்பிளுக்கு இனித் தனி அடைப்புக்குறி. முன்மொழிபவர், அமரர் காற்புள்ளியார். வழிமொழிபவன், நான்.

அடுத்து மௌன அஞ்சலி. ஆட்சேபிக்க விரும்புவோர் தாராளமாகப் பேசலாம். அண்ணியார் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தலைவர் அவர்களே, முதலில் நீங்கள் எழுந்திருங்கள்.