அவனாக இறங்கி வரட்டும்

காலையில் சந்தை திறந்ததும் நான் கணினிப் பக்கமே போக மாட்டேன். அந்த நேரத்தில் விலைகள் வெறிபிடித்த மாதிரி ஏறி இறங்கும். பாத்திரம் துலக்குவேன், சட்டைக்குப் பொத்தான் தைப்பேன். எல்லாம் அடங்கிய பிறகு போய் உட்கார்ந்து, வாங்க வேண்டியதைக் கொஞ்சமாக வாங்கிப் போட்டுவிட்டு மூடிவிடுவேன். பயம் என்று நினைத்துவிடாதீர்கள். அது என் முறை.

என் தம்பியின் முறை வேறு. நீங்கள் இன்ஹேலரைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

நான் வாங்குவது பங்கு. வாங்கிவிட்டால் அது என்னுடையது. விலை விழுந்தால் விழட்டும், பொறுத்திருப்பேன். விற்றே ஆக வேண்டும் என்று யாரும் என் கழுத்தைப் பிடிக்க முடியாது. அவன் செய்வது ஃபியூச்சர்ஸ். அதில் முழு விலையும் கொடுக்க வேண்டாம், ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டினால் போதும். ஏறினால் மொத்தத்துக்கும் லாபம், இறங்கினால் மொத்தத்துக்கும் அடி. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்துவிடும். பொறுமைக்கு அங்கே இடமே இல்லை. அதிலும் பிழைக்கிறவர்கள் உண்டு. இந்த விலைக்குக் கீழே போனால் வெளியே வந்துவிடுகிறேன் என்று முன்கூட்டியே போட்டுவைப்பார்கள். ஸ்டாப் லாஸ் என்பார்கள். என் தம்பி அதைப் போட மாட்டான். விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று இன்னும் கூடுதலாகப் போடுவான். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தவள் நான். சின்ன வயதிலேயே மதில்மேல் ஏறி ஓடுவான். கீழே நின்று நடுங்குவது நானாக இருக்கும்.

மாடி அறையில் அவன், கீழே நானும் அவன் மனைவியும். நல்ல பெண். வாய் ஓயாது. தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே முதலில் சிரிப்பாள். மூச்சிரைப்பு மட்டும்தான் அவளுக்கு இருந்த குறை. ஒரு நாள் காலை அது கடுமையாக வந்துவிட்டது. தம்பி போட்டிருந்ததையெல்லாம் வந்த விலைக்கு விற்றுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். மத்தியானம் சந்தை மடமடவென்று சரிந்தது. அவனோடு தொழில் செய்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். இவன் மட்டும் தப்பித்தான்.

மருத்துவமனை வராந்தாவில் போகிற வருகிற நர்ஸையெல்லாம் மறித்து, பிழைத்துவிடுவாளா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பயப்படத் தெரியாமல் இல்லை. பணத்துக்காகப் பயப்பட மாட்டான், அவ்வளவுதான்.

அவள் தேறி வந்த பிறகு பழையபடி ஆரம்பித்தான். என் பங்குகளை அடமானமாக வைத்தால் இன்னும் பெரிதாகப் போடலாம் என்று கேட்டான். நான் முடியாது என்றேன். சிரித்துக்கொண்டே, வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்று மாடிக்குப் போய்விட்டான். வேறு வழி என்றால் நாங்கள் இருக்கும் வீடுதான். அவனுக்கு யாராவது ஒரு ஸ்டாப் லாஸ் போட்டே ஆக வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள், என்னைத் தவிர?

முதலில் தொலைபேசிதான். அவள் எடுப்பாள், நான் பேச மாட்டேன். பிறகு அவள் தனியாக இருக்கும்போது பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். பழைய பொருள் கடையில் ஓர் ஆண் செருப்பு வாங்கி, தண்ணீரில் நனைத்து, கூடத்தில் அவள் அறை வரைக்கும் ஒற்றி எடுத்தேன். கத்தியோ கல்லோ எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அவன் போட்டதையெல்லாம் முடித்துவிட்டு இறங்கி ஓடி வந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்தான். கடைசியில் ஸ்டாப் லாஸும் போட ஆரம்பித்தான். நீங்கள் நம்ப மாட்டீர்கள், லாபம்கூட வந்தது.

அவள்தான் மெலிந்துபோனாள். பேச்சு நின்றது. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாள். ஒரு மத்தியானம் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்.

"அண்ணி, வெளியிலேர்ந்து யாரும் வரல. இந்த வீட்டுக்குள்ளயே யாரோ இருக்காங்க."

நான் அவள் தலையைக் கோதிவிட்டேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பயமும் பழகிவிடுகிறது. தம்பி எல்லாக் கதவுக்கும் புதுப் பூட்டுப் போட்டான், வாசலில் கேமரா வைத்தான். அதோடு பயம் விட்டுப்போயிற்று. அன்று காலை சாப்பிடும்போது, இன்றைக்கு விலை ஏறும், இருக்கிறதையெல்லாம் ஒரே பக்கம் போடப்போகிறேன் என்று சொன்னான். வீட்டின் மேல் கடன் வாங்கியாகிவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேண்டாமடா என்று கெஞ்சினேன். அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் என் கணினியில் பார்த்தேன். அவன் சொன்னதற்கு நேர்மாறாக விலை இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அவள் கட்டில் பக்கத்திலிருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டேன். பிறகு கேமரா இல்லாத பின்கதவு வழியாக வெளியே போய், அவள் அறை ஜன்னலை உலுக்கினேன்.

நினைத்த மாதிரியே இரைப்பு வந்தது. தலையணைக்கு அடியில் தேடினாள், அலமாரியில் தேடினாள். கத்த மூச்சு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மாடிப்படியில் ஏறினாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்போதுதான் என் கையில் இருந்ததைப் பார்த்தாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறும்மா," என்றேன். "அவனா இறங்கி வரட்டும்."

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். நான் கூப்பிட்டால் வருவான், தூக்கிக்கொண்டு ஓடுவான், அடுத்த வாரம் மறந்துவிடுவான். அவனாகக் கதவைத் திறந்து, அவனாகப் பார்த்தால்தான் ஆயுசுக்கும் நிற்கும். எந்த நிமிடமும் வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவள் பிடி என் மணிக்கட்டில் இறுகி இருந்தது. பிறகு தளர்ந்தது. நான் அசையவில்லை. பொறுத்திருப்பது எனக்குக் கைவந்த விஷயம்.

சந்தை மூடிய பிறகுதான் அவன் வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். மத்தியானத்துக்கு மேல் விலை திரும்பி ஏறியிருக்கிறது. அன்று அவன் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. பரவாயில்லை. ஒரு நாள் லாபத்தை வைத்து ஒரு முறையை எடைபோடக் கூடாது.

இப்போது அவன் கணினியைத் தொடுவதில்லை. கடனை அடைத்துவிட்டான், வீடு தப்பித்தது. விளக்கை அணைக்க விடுவதில்லை. நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அக்கா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். யாரோ ஒருவன் வீட்டுக்குள் வந்து போனான் என்றுதான் இன்னும் நம்புகிறான். இதோ, உங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, நான் வெளியே வருவதற்காக இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவளை நான்தான் சாகவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவனிடம் இதைச் சொல்லாதீர்கள். பாவம், பயந்துவிடுவான்.