ரெண்டு மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே உப்பிட்டு

...தப்பு என்கூட வேலை பாக்கிற யோகீஷ் மேலதான்னு நான் அடிச்சுச் சொன்னேன்க்கா. சத்தியமே பண்ணேன்! நீங்களே சொல்லுங்க, பை-டூ காப்பி வாங்கி ரெண்டு பாதியையும் தானே குடிக்கிறவன் எழுதின ப்ரோக்ராம் எப்படி இருக்கும்? இருங்க, பையை இப்படி நகத்திக்கிறேன். நீங்களும் சிவமொக்காவா? நல்லதாப் போச்சு, தும்கூரே இன்னும் வரல.

என்ன வேலையா? வரன் பாத்துக் குடுக்கிற கம்பெனிக்கா, ஜெயநகர்ல. ஜோடி சேக்கிறது நான் இல்ல. பொண்ணும் பையனும் போன்ல பேசிக்கிறாங்கல்ல, அந்த மெசேஜ் எல்லாம் வாங்கி உரியவங்களுக்கு அனுப்புற சர்வர், அதுதான் எங்க வேலை. சி-ங்கிற கம்ப்யூட்டர் பாஷையில எழுதினது. அரதப் பழசும்பாங்க. எங்க முதலாளி ராயர், "வேகம் முக்கியம்மா வேதாவதி"ன்னுட்டார். ஆயிரம் பேர் ஒரே நேரத்துல பேசுவாங்க, ஆளுக்கு ஒரு த்ரெட். த்ரெட்னா... ஓட்டல்ல மேஜைக்கு ஒரு சப்ளையர்னு வெச்சுக்கோங்களேன். அந்த த்ரெட்டையெல்லாம் கிளப்பி விடறது யோகீஷோட பகுதி. மெசேஜ் யாருக்குப் போகணும்னு விலாசம் எடுத்துத் தர்றது என் பகுதி. தங்கம்! யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

நாலு மாசம் முன்னாடி ஆரம்பிச்சுதுக்கா. தாவணகெரேல மல்லேஷ்னு ஒருத்தர், "உங்களுக்கு வெண்ணெ தோசை புடிக்குமா?"ன்னு ஒரு பொண்ணுகிட்ட கேட்டிருக்கார். பதில் வருது: "அப்பாவுக்கு மூலம், ரொம்ப நேரம் உக்கார முடியாது." சிரிக்காதீங்க! நான் அழுதேன். அது வேற யாரோ வேற யாருக்கோ அனுப்பினது.

ஆபீஸ்ல போட்டுப் பாத்தா ஒழுங்காப் போகுது. ஞாயித்துக்கிழமை டிபன் முடிச்சு ஊரே வந்து மெசேஜ் போடுதுல்ல, அப்ப மட்டும் மாறுது. சரின்னு "இங்க வந்தேன், அங்க போனேன்"னு வரிக்கு வரி ப்ரோக்ராமையே ஒரு ஃபைல்ல அச்சடிக்க வெச்சேன். அந்தத் தப்பைக் காணோம்! அதை எடுத்தேன், வந்துடுச்சு. திரும்ப வெச்சேன், போயிடுச்சு. கண்ணாமூச்சி! ராயர் சொல்றார், "அப்ப வெச்சபடியே விட்டுடேம்மா!" விட்டோம். அந்தக் குப்பையெல்லாம் சேந்து டிஸ்க் நெரம்பி, சர்வர் மல்லாந்துடுச்சு. அப்புறம் இந்த யோகீஷ், ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் உள்ள போகணும்னு பூட்டு போடறேன்னு வந்தான். ரெண்டு த்ரெட்டு, ஆளுக்கு ஒரு பூட்டைப் புடிச்சுக்கிட்டு, நீ விட்டாத்தான் நான் விடுவேன்னு நிக்குதுங்க. கர்நாடகா முழுக்கக் கல்யாணப் பேச்சே நின்னுபோச்சுக்கா!

என்னது... கடலைக்காயா? குடுங்க, குடுங்க.

இதுக்கு நடுவுல சிவமொக்காவுல மந்தாரான்னு ஒரு டீச்சர். மல்லேஷ்கிட்டதான் பேசிக்கிட்டிருந்தா. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க"ன்னு தெரு, கதவு நம்பரோட அனுப்பறா. அது நேரா தீர்த்தஹள்ளியில பாக்கு வியாபாரம் பண்ற சிதானந்தாவுக்குப் போயிடுச்சு. மல்லேஷ்கிட்டேர்ந்து பதில் இல்லியேன்னு மறுபடி அனுப்பறா. இந்தத் தடவை சரியா மல்லேஷுக்கே போச்சு. ஆச்சா? ஞாயித்துக்கிழமை ரெண்டு குடும்பம், பூ, பழத்தோட, ஒரே வாசல்ல! உள்ள ஒரு வீட்டுக்குத்தான் உப்பிட்டும், அதான் நம்ம உப்புமா, கேசரிபாத்தும்.

அன்னிக்கு நாங்க ஆபீஸ்லதான் இருந்தோம். அந்தப் பொண்ணு போன் பண்றா. "மேடம், ஹால்ல ரெண்டு மாப்பிள்ளை உக்காந்திருக்காங்க. இதுல எது ஒரிஜினல்?"

எனக்கு வந்துது பாருங்க கோவம்! "ஏய் யோகீஷா, உன்னாலதான்டா!"ன்னு கத்தினேன். அவன் மெதுவா, "உங்க பகுதியை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க மேடம்"ங்கறான். "என்னோடதை ஏன்டா படிக்கணும்?" "சும்மாத்தான்." படிச்சேன்க்கா. அவன் மூக்கை உடைக்கணும்னே சத்தமாப் படிச்சேன். விலாசம் எழுதி வைக்கிற இடம்னு ஒரு வரி... அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை... ஸ்டாடிக். திரும்ப மேல போய் அதே வரியைப் படிச்சேன்.

ஸ்டாடிக்னா என்னன்னா... அத்தனை சப்ளையருக்கும் சேத்து ஒரே ஒரு சிலேட்டு. ஒருத்தன் "மல்லேஷ்"னு எழுதிட்டு மெசேஜை அனுப்பறதுக்குள்ள, இன்னொருத்தன் அழிச்சிட்டு "சிதானந்தா"ன்னு எழுதிடறான். கூட்டம் இருந்தாத்தானே இடிச்சுக்கும்? அச்சடிக்க வெச்சப்ப எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணு நின்னுது, இடி இல்ல. அந்த வார்த்தையைச் சேத்தது யாரு? நான்தான்! அது இல்லாம விலாசம் கன்னாபின்னான்னு வந்துது, சேத்ததும் சரியாயிடுச்சு. அதுக்கு ஆபீஸ் முழுக்க மைசூர்பாக் வேற குடுத்தேன்!

யோகீஷ் என்ன சொன்னான் தெரியுமாக்கா? "ஆளுக்கு ஒரு சிலேட்டு குடுத்துடலாம் மேடம்"னு மட்டும் சொன்னான். நாலு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். ஒரு மாசமா அவனை நான் பேசாத பேச்சா...

அங்க என்னாச்சா? உப்பிட்டு பத்தலன்னு தெரிஞ்சதும் அந்த சிதானந்தா, "அம்மா, வெங்காயம் எங்க இருக்கு?"ன்னு சமையக்கட்டுக்குள்ள போய் நறுக்க ஆரம்பிச்சுட்டாராம். கண்ணுல தண்ணி வழிய வழிய. மல்லேஷ் ஹால்லயே உக்காந்து, "கேசரிபாத்ல நெய் கம்மி"ன்னாராம். மந்தாரா அங்கயே முடிவு பண்ணிட்டா.

நாளைக்குக் கல்யாணம்! பொண்ணோட அப்பா நஞ்சுண்டப்பா எனக்கு மேடையில சால்வை, மைசூர் பேட்டான்னு ராஜா தலைப்பாகை, பழக்கூடை எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கார். "எங்க பெண்ணுக்கு வரன் கண்டுபிடித்துத் தந்த விஞ்ஞானி"ன்னு பேனர் வேற. விஞ்ஞானியாம்! மைக்கைக் குடுத்தா நான் என்னக்கா பேசறது? "தப்பு பண்ணேன், வாழ்த்துக்கள்"னா? பேட்டாவை யோகீஷ் தலையில வைக்கலாம்னு கூப்பிட்டா, "சர்வரை யார் பாத்துக்கறது மேடம்"னு வரமாட்டேன்னுட்டான். நீங்களா இருந்தா...

அக்கா? ஏன் எந்திரிக்கிறீங்க? இது திப்டூர்க்கா, பாதி வழிகூட வரல. காப்பிக்கா? பெட்டி, குடை, தலைகாணியெல்லாம் எடுத்துக்கிட்டா காப்பிக்குப் போவாங்க? அக்கா! ...அடப்பாவமே, பின்னாடி நிக்கிற பஸ்ல ஏறிட்டாங்க!

கண்டக்டர்... இந்த சீட் காலிதான். உக்காருங்க, எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே வருவீங்க? ஆமா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?